கப்பலில் கனெக்டிங் கேபின்: நடுவில் ஒரு கதவு, கணக்கில் இரண்டு அறை

உல்லாசக் கப்பலில் குடும்பமாகப் போகிறவர்கள் கனெக்டிங் கேபின் கேட்பது பெரும்பாலும் பிள்ளைகளுக்காக. நான்கு பேரும் ஒரே கேபினில் படுத்தால், பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்கு விளக்கை அணைத்துவிட்டுப் பெரியவர்களும் இருட்டில் உட்கார வேண்டும். காலையில் ஒரே குளியலறைக்கு நான்கு பேர் காத்திருக்க வேண்டும். நடுவில் கதவுள்ள இரண்டு கேபின்கள் இந்த இரண்டு தொல்லையையும் தீர்த்துவிடும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பே ஒன்றை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கதவை விட்டால், கப்பலின் எல்லாக் கணக்கிலும் அவை இரண்டு தனிக் கேபின்கள்தான். கட்டணம், பயணிகள் பட்டியல், ஆபத்து நேரத்தில் கூடும் இடம், சாப்பாட்டு மேசை, பில் என எல்லாமே தனித்தனி. கனெக்டிங் கேபினில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இதை மறப்பதால்தான் வருகின்றன.

முதலில் கேபினைத் தேர்ந்தெடுப்பது. அடுத்தடுத்த கேபின் வேறு, கனெக்டிங் கேபின் வேறு. 'பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கேபின்' என்று ஏஜெண்டிடம் சொன்னால் நடுவில் வெறும் சுவர் இருக்கும் ஜோடிதான் கிடைக்கக்கூடும். ஒரு டெக்கில், அதாவது கப்பலின் ஒரு தளத்தில், எல்லாக் கேபின்களுக்கும் இடையில் கதவு இருக்காது. எந்த ஜோடிகளுக்கு இருக்கிறது என்பதை டெக் வரைபடம் காட்டும். இரண்டு கேபின்களைப் பிரிக்கும் கோட்டின் மேல் ஒரு சிறு முக்கோணமோ அம்புக்குறியோ வேறு ஏதாவது அடையாளமோ போட்டிருப்பார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் குறி மாறும் என்பதால் வரைபடத்தின் ஓரத்தில் உள்ள குறி விளக்கத்தைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. கப்பலைப் புதுப்பிக்கும்போது கேபின் அமைப்பும் மாறுவது உண்டு. அதனால் நீங்கள் புறப்படும் தேதிக்கு உரிய வரைபடம்தானா என்றும் பாருங்கள்.

எண்களும் ஏமாற்றும். பல கப்பல்களில் இரட்டைப்படை எண்கள் ஒரு பக்கம், ஒற்றைப்படை எண்கள் மறுபக்கம். அப்படியானால் 8520-க்குப் பக்கத்தில் இருப்பது 8522. 8521 கப்பலின் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். எண்ணை மட்டும் பார்த்து 'அடுத்தடுத்த கேபின்' என்று முடிவு செய்து பதிவு செய்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பதிவு உறுதியானதும் இரண்டு எண்களையும் சொல்லி, 'இந்த இரண்டுக்கும் நடுவில் கதவு இருக்கிறதா' என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

விலை குறைகிறதே என்று கேபின் எண்ணைப் பின்னர் ஒதுக்கும் திட்டத்தில் பதிவு செய்தால் கனெக்டிங் கேபினை மறந்துவிட வேண்டியதுதான். இரண்டு கேபின்களும் வேறு வேறு டெக்கில் விழலாம். இலவச மேம்படுத்தலிலும் இதே ஆபத்து இருக்கிறது. ஒரு கேபினை மட்டும் உயர்ந்த வகைக்கு மாற்றிவிட்டால் ஜோடி பிரிந்துவிடும். அதனால் இரண்டு பதிவுகளிலும் 'மேம்படுத்த வேண்டாம்' என்று குறிப்புப் போடச் சொல்லுங்கள். ஏலம்போல் விலை கேட்டு மேம்படுத்திக்கொள்ளும் திட்டத்துக்கு மின்னஞ்சல் வந்தாலும் தொடாதீர்கள்.

கதவு அமைப்பு எல்லாக் கப்பலிலும் ஒரே மாதிரி இருக்காது. சிலவற்றில் ஒற்றைக் கதவு. அது ஏதாவது ஒரு கேபினுக்குள்தான் திறக்கும், அந்தப் பக்கத்தில் கதவு சுழல இடம் விட வேண்டும். சிலவற்றில் முதுகோடு முதுகாக இரண்டு கதவுகள், ஒவ்வொரு கேபினுக்கும் ஒன்று. இரண்டும் திறந்தால்தான் வழி கிடைக்கும், அவரவர் பக்கத்தில் அவரவர் பூட்டு. சத்தத்தைத் தடுப்பதில் இரட்டைக் கதவு கொஞ்சம் மேல். ஆனால் பிள்ளைகள் தங்கள் பக்கத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கிவிட்டால் பெற்றோர் காரிடாரைச் சுற்றித்தான் போக வேண்டும். மூன்றாவதாக ஒரு அமைப்பும் உண்டு. காரிடாரில் ஒரு பொதுக் கதவு, அதற்குள் ஒரு சிறு நடை, நடையிலிருந்து இரண்டு கேபின் வாசல்கள். சுவரில் துளை இல்லாததால் சத்தம் குறைவு, பொதுக் கதவைச் சாத்தினால் குடும்பத்துக்கென்று தனி வீடு மாதிரி ஆகிவிடும். கிடைத்தால் இதைத்தான் எடுக்கச் சொல்வோம்.

கதவுக்காக விட்டுக்கொடுப்பது சுவரை. கேபினில் ஒவ்வொரு அடி சுவரும் எதற்காவது பயன்படுகிறது. அங்கே கதவு வந்தால் சோபாவுக்குப் பதில் ஒற்றை நாற்காலி இருக்கும், அல்லது அலமாரியின் ஒரு பகுதி போகும், அல்லது மேசை சின்னதாகும். சோபாவே மூன்றாவது படுக்கையாக விரியும் வகைக் கேபின்களில் இது முக்கியம். ஒரே வகை, ஒரே விலை என்றாலும் கதவுள்ள கேபினில் இரண்டு பேருக்குத்தான் படுக்கை இருக்கலாம். பாட்டி, தாத்தா, பெற்றோர், பிள்ளைகள் என்று ஆறு பேர் போகிற குடும்பம் 'மூன்று, மூன்று' என்று பிரிக்க நினைத்தால், இரண்டு கேபின்களிலும் மூன்றாவது படுக்கை உண்டா, அது சோபாவா, மேலிருந்து இறங்கும் படுக்கையா என்று முதலிலேயே கேளுங்கள். மேல்படுக்கைக்கு ஏணி உண்டு. சிறு குழந்தைக்கும் முழங்கால் வலிக்காரருக்கும் அது ஒத்துவராது.

படுக்கை இருந்தும் 'மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியவில்லை' என்று பதிவு முறை மறுப்பதும் உண்டு. கப்பலில் ஆள் கணக்கு படுக்கையோடு முடிவதில்லை. அந்தப் பகுதிக்கு ஒதுக்கப்பட்ட உயிர்காப்புப் படகுகளில் எத்தனை இடம் இருக்கிறது என்பதையும் பார்த்துத்தான் அனுமதிப்பார்கள். பள்ளி விடுமுறைக் காலத்தில் மூன்று, நான்கு பேர் தங்கும் கேபின்கள் நிறைய விற்றிருக்கும்போது இப்படி நடக்கும். வேறு பகுதியில் உள்ள ஜோடியைப் பார்த்தால் அதே கப்பலில் இடம் கிடைக்கலாம்.

பால்கனி ஜோடியா, ஜன்னல் ஜோடியா என்ற கேள்வியைப் பலர் விலையை மட்டும் வைத்து முடிவு செய்கிறார்கள். நான்கைந்து வயதுப் பிள்ளைகள் தனிக் கேபினில் தூங்கப் போகிறார்கள் என்றால், திறக்க முடியாத ஜன்னல் உள்ள ஜோடிதான் நிம்மதி. பால்கனி ஜோடி எடுத்தால் பிள்ளைகள் தூங்கும் கேபினுக்கும் கடலைப் பார்த்து ஒரு கதவு இருக்கும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பெரிய பயணிக் கப்பல்களில் கைப்பிடி குறைந்தது 42 அங்குல உயரம், அதாவது ஏறக்குறைய 107 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று 2010-இல் அந்நாட்டில் வந்த சட்டம் சொல்கிறது. ஆனால் பால்கனியில் நாற்காலியும் சின்ன மேசையும் இருக்கின்றன. குழந்தை ஏறி நின்றால் அந்த உயரம் உதவாது. அந்த நாற்காலிகளை எடுத்துவிடச் சொன்னால், கேபினைக் கவனித்துக்கொள்ளும் ஊழியரான ஸ்டூவர்ட் எடுத்துவிடுவார். அதைவிட நல்ல வழி, ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் படுத்துக்கொள்வது.

கனெக்டிங் ஜோடி கிடைக்காவிட்டால் ஒரு மாற்று உண்டு. பெற்றோருக்கு பால்கனிக் கேபின், அதற்கு நேர் எதிரே காரிடாரின் மறுபக்கத்தில் ஜன்னலே இல்லாத உள்கேபின். விலை கணிசமாகக் குறையும். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இது போதும். சின்னப் பிள்ளைகள் நடு இரவில் எழுந்து பொதுக் காரிடாருக்கு வர வேண்டியிருக்கும் என்பதால் அவர்களுக்கு வேண்டாம்.

கட்டணத்துக்கு வருவோம். பெரும்பாலான கப்பல்களில் ஒரு கேபினின் முதல் இரண்டு பேருக்கு முழுக் கட்டணம், மூன்றாவது நான்காவது ஆளுக்குக் குறைந்த கட்டணம். நான்கு பேர் இரண்டு கேபின்களில் பிரிந்தால் நான்கு பேருமே 'முதல் இரண்டு பேர்' ஆகிவிடுகிறார்கள். மூன்று பேர் குடும்பம் இரண்டு கேபின் எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். தனியாக இருக்கும் ஒருவருக்கு, காலியான இடத்துக்கும் சேர்த்துக் கிட்டத்தட்ட இரண்டு பேர் கட்டணம் கேட்பார்கள். துறைமுக வரியும் தினசரி டிப்ஸும் ஆளுக்குத்தான், அதில் பெரிய மாற்றம் இல்லை. மறுபக்கம், கேபினுக்கு ஒன்று என்று தரும் சலுகைகளும் கப்பலில் செலவழிக்கத் தரும் தொகையும் இரண்டு தடவை கிடைக்கும். அதையும் கழித்துப் பார்த்துவிட்டு, ஒரே பெரிய குடும்பக் கேபினின் விலையோடு ஒப்பிடுங்கள். சில தேதிகளில் இரண்டு சாதாரணக் கேபின்கள், சூட் எனப்படும் ஒரு பெரிய சொகுசுக் கேபினைவிட மலிவாக இருக்கும். குளியலறை, பெட்டகம், டிவி எல்லாம் இரண்டாகக் கிடைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டாவது குளியலறை தரும் சுகம் வேறு எதிலும் இல்லை, துறைமுகத்தில் இறங்கும் நாள்களின் காலையில் அது நன்றாகத் தெரியும்.

யார் பெயர் எந்தக் கேபினில் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு கேபினிலும் குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட ஒருவர் பதிவில் இருக்க வேண்டும். பல நிறுவனங்களில் அது 21, சிலவற்றில் 18, வேறு சிலவற்றில் 25. பெற்றோர் பக்கத்துக் கேபினில் இருந்தால் பிள்ளைகளைத் தனியாகப் பதிய அனுமதிக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அனுமதி இல்லாத இடத்தில், காகிதத்தில் 'அம்மாவும் ஒரு பிள்ளையும், அப்பாவும் இன்னொரு பிள்ளையும்' என்று போட்டுவிட்டுக் கப்பலில் விருப்பப்படி படுத்துக்கொள்வதுதான் நடைமுறை. ஏறியதும் கெஸ்ட் சர்வீஸ் கவுண்டரில் சொன்னால் இரண்டு கேபின்களையும் திறக்கும்படி கூடுதல் கார்டு (கப்பலில் அறைச் சாவியும் செலவுக் கணக்கும் இதுதான்) தருவார்கள். பிள்ளைகள் கார்டில் செலவு செய்யும் வசதியை அணைத்துவிடவும் அங்கேயே சொல்லலாம்.

இந்தப் பிரிப்புக்கு இன்னொரு விளைவும் உண்டு. அளவில்லாப் பானத் திட்டத்தை ஒருவர் வாங்கினால், அதே கேபினில் பதிவாகியுள்ள மற்ற பெரியவரும் வாங்கியாக வேண்டும் என்று பல நிறுவனங்கள் விதி வைத்திருக்கின்றன. அப்பா ஒரு கேபினிலும் அம்மா இன்னொன்றிலும் பதிவாகியிருந்தால் வேண்டாதவர் அந்தச் செலவிலிருந்து தப்பலாம். இணையத் திட்டங்களையும் வாங்குவதற்கு முன் கேபின் கணக்கா, ஆள் கணக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பதிவு எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள். இணைக்காவிட்டால் ஒரு கேபினுக்கு முதல் பந்தியும் மற்றதற்கு இரண்டாம் பந்தியும் விழலாம். இணைத்த பிறகும் ஒரே பந்தி, ஒரே மேசை என்பதைத் தனியாகக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மீதிப் பணம் கட்டும் கெடுவுக்கு முன்பே இதையெல்லாம் முடித்தால், தவறு இருந்தால் ஜோடியையே மாற்றிக்கொள்ளலாம். இணையத்தில் செக்-இன் செய்யும்போது ஏறும் நேரத்தையும் இரண்டுக்கும் ஒன்றாகவே எடுங்கள். பெட்டிகளில் கட்டும் அட்டையில் பெட்டி எந்தக் கேபினுக்குப் போக வேண்டுமோ அந்த எண் இருக்க வேண்டும். பிள்ளைகள் எங்கே பதிவாகியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்து அட்டை கட்டினால் பெட்டி தப்பான பக்கம் போய் நிற்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் காகிதத்தில் ஒன்று, உண்மையில் ஒன்று என்று விட்டுவிடக் கூடாது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்றுதான் ஏறிய பயணிகளுக்கு ஆபத்து நேரத்துக்கான பாதுகாப்பு ஒத்திகை நடந்திருக்கவில்லை. பயணிகள் ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை முடிய வேண்டும் என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸில் திருத்தம் வந்தது. ஒவ்வொருவரின் கார்டிலும் அவருடைய மஸ்டர் ஸ்டேஷன், அதாவது ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடம், அச்சிடப்பட்டிருக்கும். அடுத்தடுத்த கேபின்களுக்குப் பெரும்பாலும் ஒரே இடம்தான், ஆனால் பிரிவு எல்லை இரண்டுக்கும் நடுவில் விழவும் கூடும். ஏறியதும் எல்லாக் கார்டுகளையும் பக்கத்தில் வைத்து அந்த எழுத்தையோ எண்ணையோ ஒப்பிடுங்கள். வேறாக இருந்தால் கவுண்டரில் சொல்லி மாற்றுங்கள், குறைந்தது பிள்ளைகளை எந்தப் பெரியவரோடு சேர்ப்பது என்பதையாவது பதிவு செய்யுங்கள். லைஃப் ஜாக்கெட் பல கப்பல்களில் கேபினிலேயே இருக்கும். பதிவில் பிள்ளை ஒரு கேபினிலும் தூங்குவது இன்னொன்றிலும் என்றால், குழந்தை அளவு ஜாக்கெட் தப்பான அலமாரியில் இருக்கும். அதை எடுத்துக் குழந்தை தூங்கும் பக்கத்தில் வைப்பது ஒரு நிமிட வேலை. கைக்குழந்தைக்கு உரிய ஜாக்கெட்டைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

கேபினுக்குள் நுழையும்போது நடுக்கதவு பூட்டியே இருக்கும். முந்தைய பயணத்தில் முன்பின் தெரியாத இரண்டு குடும்பங்கள் அங்கே தங்கியிருக்கலாம். நீங்களே கைப்பிடியைத் திருகி முயல வேண்டாம், ஸ்டூவர்ட் சாவி போட்டுத் திறப்பார். ஏறும் நாளின் மதியம் அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆகவே கேபின் தயாரானதும் முதல் வேலையாகக் கேளுங்கள், சாயங்காலம் கேட்டால் இரவாகிவிடும். அதே பேச்சிலேயே கட்டில் அமைப்பையும் சொல்லிவிடுங்கள்: இரட்டைக் கட்டிலாகச் சேர்ப்பதா, தனித்தனியாகப் பிரிப்பதா என்று. பிரித்துப் போட்ட கட்டில் கதவு சுழலும் இடத்தை அடைத்துக்கொள்ளும் கேபின்களும் உண்டு. இரண்டு கேபின்களும் ஒரே ஸ்டூவர்டின் பொறுப்பில்தானா என்று கேளுங்கள். வேறு வேறு ஆள் என்றால் இருவரிடமும் சொல்ல வேண்டும். ஒருவர் திறந்து வைத்ததை மற்றவர் சுத்தம் செய்துவிட்டுப் பூட்டிவிடுவார்.

திறந்த கதவைத் திறந்தபடி நிறுத்துவது அடுத்த வேலை. கப்பல் ஆடும்போது கனமான கதவு தானாகச் சுழன்று அடிக்கும், பிள்ளைகளின் விரல் அகப்படுவது இப்படித்தான். கொக்கியோ காந்தப் பிடியோ இருந்தால் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ரப்பர் ஆப்பு ஒன்று கொண்டுபோவது நல்லது. காற்றும் கதவை அறையும். ஒரு கேபினில் பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது மற்றதில் காரிடார் கதவைத் திறந்தால், இரண்டு அறைகளையும் ஊடுருவிக் காற்று பாயும். எந்தக் கதவைத் திறப்பதற்கு முன்பும் பால்கனிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஏசி இரண்டும் தனித்தனி. நடுக்கதவு திறந்திருக்கும்போது இரண்டையும் ஒரே அளவில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒன்று குளிர்விப்பதை மற்றது சூடாக்கிக்கொண்டிருக்கும்.

பால்கனிகளுக்கு நடுவில் உள்ள தடுப்பையும் திறந்து ஒரே நீளமாக்கலாமா என்று கேட்பவர்கள் நிறைய. பல கப்பல்களில் முடியும், அதற்குத் தனிச் சாவி வேண்டும் என்பதால் ஸ்டூவர்ட்தான் ஏற்பாடு செய்வார். சில இடங்களில் அந்தத் தடுப்பு கப்பலின் எஃகுக் கட்டுமானத்தின் பகுதியாக இருக்கும், அதை அசைக்க முடியாது. காற்று பலமாக இருக்கும் நாளில் திறந்ததையும் மூடிவிடுவார்கள்.

சக்கர நாற்காலி பயன்படுத்துபவருக்கும் உதவியாளருக்கும் கனெக்டிங் ஜோடி மிகவும் பொருத்தம். ஆனால் வாசல் கதவும் குளியலறைக் கதவும் அகலமாக இருப்பதை வைத்து நடுக்கதவும் அப்படித்தான் என்று நம்ப வேண்டாம். அதன் அகலத்தையும், கீழே மேடான நிலைப்படி உண்டா என்பதையும் நிறுவனத்தின் சிறப்பு உதவிப் பிரிவில் அளவோடு கேட்டு வாங்குங்கள்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேண்டாமலே கனெக்டிங் கேபினில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இதுதான் முக்கியத் தொல்லை. கேபின் சுவர்கள் மெல்லிய உலோகத் தகடுகளுக்கு நடுவில் கனிமக் கம்பளி வைத்துச் செய்த பலகைகள். தீயைத் தடுப்பதற்காக அப்படி அமைக்கிறார்கள், அது சத்தத்தையும் ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. கதவு இருக்கும் இடத்தில் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. சத்தம் கதவுப் பலகை வழியாக வருவதைவிட, அடியில் உள்ள இடுக்கு வழியாகவும் சட்டத்தைச் சுற்றியும்தான் அதிகம் வரும். அதனால் குளியல் துண்டு ஒன்றை இறுக்கிச் சுருட்டி அடியில் அழுத்திவைத்தாலே பேச்சுச் சத்தம் கணிசமாகக் குறையும், அந்தப் பக்கத்து வெளிச்சமும் வராது. அலமாரியில் தரும் கூடுதல் போர்வையைத் துண்டுக்கு மேல் போட்டால் இன்னும் நல்லது. பெட்டிகளைக் கதவோடு ஒட்டி அடுக்காதீர்கள், ஆட்டத்தில் அவையே கதவில் தட்டிக்கொண்டிருக்கும். தலைமாட்டைக் கதவுக்கு எதிர்ப்பக்கம் மாற்ற முடியுமா என்று ஸ்டூவர்டிடம் கேளுங்கள். கைப்பேசியில் மழை இரைச்சல் ஓடவிடுவது பலருக்கு உதவுகிறது.

பக்கத்தில் இருப்பவர்கள் தெரியாதவர்கள் என்றால், முதல் நாளே பூட்டு இரண்டு பக்கமும் விழுந்திருக்கிறதா என்று ஸ்டூவர்டை வைத்துச் சோதியுங்கள். இரவில் சத்தம் பொறுக்க முடியாவிட்டால் கதவைத் தட்டிச் சண்டைக்குப் போகாமல் கவுண்டருக்குப் போன் செய்யுங்கள். அங்கே பதிவானால்தான் மறுநாள் வேறு கேபின் கேட்க ஆதாரம் இருக்கும். நீங்கள் குடும்பமாக இரண்டு கேபின்களிலும் இருக்கிறீர்கள் என்றால், உங்கள் ஜோடியின் இரு வெளிப்பக்கங்களிலும் வேறு கதவு இல்லையா என்று வரைபடத்தில் பாருங்கள். மூன்று நான்கு கேபின்கள் தொடர்ச்சியாக இணையும் இடங்களும் உண்டு. நடுவில் உள்ளதை எடுத்தால் ஒரு பக்கம் சொந்தம், மறுபக்கம் அந்நியர்.

இறங்குவதற்கு முந்தைய இரவு இரண்டு கேபின்களுக்கும் தனித்தனி பெட்டி அட்டை வரும். நிறமோ எண்ணோ வேறாக இருந்தால் இரண்டு கேபின்களின் பெட்டிகளும் வெவ்வேறு நேரத்தில் இறங்கும், கவுண்டரில் கேட்டு ஒரே பிரிவு அட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள். பில்லும் இரண்டாக வரும். ஒரு கார்டிலேயே இரண்டையும் கட்டுவதாக முதல் நாள் சொல்லியிருந்தாலும், அது பதிவாகியிருக்கிறதா என்று அன்று இரவே டிவியிலோ செயலியிலோ பாருங்கள். இறங்கும் நாள் காலையில் கவுண்டரில் நீண்ட வரிசை நிற்கும். பெட்டகங்கள் இரண்டையும், இரண்டு குளியலறைக் கொக்கிகளையும், திறந்தே கிடந்த நடுக்கதவின் பின்புறத்தையும் பார்த்துவிட்டு இறங்குங்கள்.